தைராய்டு கூடியிருக்கிறது என்றால், எதனால் கூடியது?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. அவருடைய மனைவிக்கு வயது 29. இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, தாய்ப்பால் கொடுக்கிறார். இரண்டே மாதத்தில் 7 கிலோ எடை குறைந்திருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வருவதில்லை, சின்ன விஷயத்துக்கும் கோபமும் அழுகையும் மாறி மாறி வருகின்றன. முடி கொட்டுகிறது என்று இரண்டு மாதமாக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டு வருகிறார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன்களான டி3 262, டி4 16.4, அந்தச் சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். 0.01க்கும் கீழே என்று வந்திருக்கிறது. அந்த ஒரு தாளைப் பார்த்த மருத்துவர், தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் 30 மில்லிகிராமும் படபடப்பைத் தணிக்கும் புரொப்ரனலாலும் எழுதி, ஒன்றரை ஆண்டு சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தம்பியின் அம்மா கண்ணேறு என்கிறார். மதினி, தனக்கும் தைராய்டுதான் என்று தன்னுடைய மாத்திரையிலேயே பத்தைக் கொடுத்திருக்கிறார். "அண்ணாச்சி, வேறு பரிசோதனை கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா, நான் இதில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் மருத்துவன் அல்லன். பாளையங்கோட்டையில் ஆய்வக நுட்பநராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு இதே தைராய்டு மிகைச் சுரப்பு வந்து, அதை உடனிருந்து பார்த்தவன். அந்த இரண்டு அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் மருத்துவர் முடிவாகவே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மதினியின் மாத்திரையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் "அவளுக்குத் தைராய்டு" என்று சொன்னால் ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டதாகவே எல்லாரும் எண்ணுகிறோம். தைராய்டு என்பது கழுத்தில் எல்லாருக்கும் இருக்கிற சுரப்பி. அது குறைவாகச் சுரப்பது ஒரு நோய், அதிகமாகச் சுரப்பது அதற்கு நேர் எதிரான இன்னொரு நோய். உங்கள் மதினிக்குக் குறைவாகச் சுரப்பதால் தைராக்சின் மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஏற்கனவே அளவு மீறியிருக்கும் உங்கள் மனைவியின் ரத்தத்தில் அதையே மேலும் சேர்ப்பது இதயத்தைத்தான் அடிக்கும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே ஒன்றிரண்டு சாப்பிட்டிருந்தாலும், எந்தத் தேதியில் எத்தனை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் உள்ளே வருகிறேன். கையில் இருக்கும் அந்தத் தாள் சொல்வது ஒன்றுதான்: ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடியிருக்கிறது. அது மிகுந்துவிட்டதால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. எதனால் கூடியது என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. ஒன்றரை ஆண்டு மருந்து என்ற முடிவோ, எதனால் என்பதைப் பொறுத்தது.

முக்கியமான காரணங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிரேவ்ஸ் நோய். உடம்பின் எதிர்ப்பு மண்டலமே ஓர் எதிரணுவை (ஆன்டிபாடி) உண்டாக்கி, அது சுரப்பியை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும். டப்ளின் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் கழுத்து வீக்கமும் விடாத நெஞ்சுப் படபடப்புமாக வந்த பெண்களைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டாவது, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஓராண்டுக்குள் வருகிற தைராய்டு அழற்சி. இதில் சுரப்பி புதிதாக எதையும் அதிகம் செய்வதில்லை. அழற்சியால் அதன் சுவர் சிதைந்து, உள்ளே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டுகிறது. முதலாவது, அரவை ஆலை நிற்காமல் ஓடுவதைப் போன்றது; இரண்டாவது, நெல் குதிர் உடைந்து தானாகச் சரிவதைப் போன்றது. கார்பிமசோல் ஆலையை நிறுத்துகிற மருந்து. உடைந்த குதிருக்கு அதனால் பயன் இல்லை. இருப்பு தீர்ந்ததும் சில வாரங்களில் அது தானே அடங்கும், அதன்பின் பலருக்குச் சுரப்பு குறைவான ஒரு காலமும் வரும். அந்த நேரத்தில் கார்பிமசோலும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் தாய் மேலும் சோர்ந்துபோவார். இவை தவிர, சுரப்பியில் உள்ள கட்டி தன்னிச்சையாகச் சுரப்பது, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடு வரும் அழற்சி, அமியோடரோன் போன்ற மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவற்றுக்கு வாய்ப்புக் குறைவு.

குழந்தைக்கு ஐந்து மாதம் என்பதுதான் உங்கள் மனைவியின் நிலையில் சிக்கலான இடம். பேறுகால அழற்சியின் மிகைக் கட்டம் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். கிரேவ்ஸ் நோய் சற்றுப் பிந்தித் தலைகாட்டுவது வழக்கம். ஐந்தாம் மாதம் இரண்டுக்கும் பொதுவான எல்லை. எண்களிலிருந்து ஒரு சிறு குறிப்பு எடுக்கலாம். டி3யை டி4ஆல் வகுத்தால் உங்களுக்கு 16 வருகிறது. டி3 நானோகிராமிலும் டி4 மைக்ரோகிராமிலும் இருக்கும்போது இந்த விகிதம் 20ஐத் தாண்டினால் கிரேவ்ஸ் பக்கம் சாயும், குறைந்தால் அழற்சியின் பக்கம் சாயும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. சாயும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. இதை வைத்து எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கண்ணையும் பாருங்கள். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகத்தையும் இன்றைய முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கண் முன்னுக்கு வந்திருக்கிறதா, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரிகிறதா, கண் உறுத்துகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கண் முன்னுக்கு வந்திருந்தால் அது கிரேவ்ஸுக்கு வலுவான சாட்சி. தினமும் பார்க்கிற நமக்கு மெல்ல நேர்கிற மாற்றம் தெரியாது. என் மனைவியின் கண்ணை நான் கவனிக்கவே இல்லை, விசாகப்பட்டினத்திலிருந்து மூன்று வருடம் கழித்து வந்த அவளுடைய தங்கைதான் வாசலிலேயே கேட்டாள்.

இப்போது அந்த முடி மாத்திரை. ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். அட்டையைத் திருப்பி, பயோட்டின் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். ஒரு நாள் உணவுத் தேவையோ மில்லிகிராமில் ஒரு சிறு பின்னம்தான். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்குப் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்து கிடந்தால் அந்தக் கொக்கி ஏமாந்துபோகும்: டி.எஸ்.எச். இல்லாத குறைவாகவும், டி3, டி4 இல்லாத அதிகமாகவும் தெரியும். இன்னும் மோசமானது, கிரேவ்ஸைக் கண்டுபிடிக்கும் எதிரணுப் பரிசோதனையும் சில கருவிகளில் பொய்யாக நேர்மறை காட்டும். எல்லாப் பொய்யும் ஒரே திசையில் சேர்ந்து, அச்சு அசலான கிரேவ்ஸ் நோயைத் தாளில் வரைந்துவிடும். உங்கள் மனைவிக்கு எடைக் குறைவும் நடுக்கமும் உண்மையாகவே இருப்பதால் நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்களை அப்படியே நம்பி முடிவெடுக்க முடியாது என்கிறேன். மறுபரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னதாக அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்; அளவு பெரிதாக இருந்தால் இன்னும் கூடுதல் நாள் தேவைப்படும். ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான். தைராய்டு கூடினாலும் கொட்டும். அந்த மாத்திரை இல்லாமலேயே சரியாகும்.

இனி, என்னென்ன பரிசோதனைகள் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். "டி3, டி4, டி.எஸ்.எச்." என்று தொகுப்பாக எடுப்பது பெரும்பாலும் மொத்த அளவு. கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு தானாகவே உயரும். எனவே இம்முறை, புரதத்தோடு சேராத ஹார்மோனை மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3, அவற்றோடு டி.எஸ்.எச். என்று கேளுங்கள். வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது. காரணத்தைச் சொல்லும் பரிசோதனை, டி.எஸ்.எச். ஏற்பி எதிரணு என்பது. ஆய்வகங்களில் டிராப் என்றால் புரியும். உள்ளூர் ஆய்வகம் மாதிரியை வெளியூருக்கு அனுப்பி வாங்கித் தரக்கூடும், சில நாள் ஆகும், விலையும் சற்று அதிகம். ஒன்றரை ஆண்டு மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அது வீண் செலவு அன்று. கார்பிமசோல் தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். கார்பிமசோல் அந்த எதிரணுவை மாதக்கணக்கில்தான் மெல்லக் குறைக்கும்.

ஸ்கேனைப் பொறுத்தவரை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளருடன் கூடிய கழுத்து அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. கிரேவ்ஸில் சுரப்பிக்குள் ரத்த ஓட்டம் மிகுந்தும், அழற்சியில் குறைந்தும் காணப்படும். கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் ஸ்கேன் மிகத் தெளிவாகச் சொல்லக்கூடியதுதான், அதை நாடி நம் ஊர்க்காரர்கள் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போவதும் உண்டு. ஆனால் தாய்ப்பால் கொடுப்பவருக்கு அதன்பின் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை பாலைப் பீய்ச்சி அகற்ற வேண்டியிருக்கும். கதிரியக்க அயோடின் 131 பால் கொடுக்கும் தாய்க்கு அறவே கூடாது. ஆகவே உங்கள் மனைவிக்கு எதிரணுப் பரிசோதனையே முதலில் செய்ய வேண்டியது. கூடவே ஓர் ஈ.சி.ஜி., வெள்ளையணு எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, ஒரு கர்ப்பப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வெட்கப்பட வேண்டாம். பால் கொடுக்கும்போதும் கரு தங்கும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் டி.எஸ்.எச். இயல்பாகவே குறையும். இவற்றில் ஈ.சி.ஜி., ரத்த எண்ணிக்கை போன்றவை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டி, நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் கருத்து வேண்டும் என்று கேட்கலாம்.

மருத்துவர் கோபித்துக்கொள்வாரா என்றால், கேட்கும் விதத்தில் இருக்கிறது. "நீங்கள் எழுதியது சரியா" என்று கேட்டால் எவருக்கும் முகம் மாறும். "சார், இது கிரேவ்ஸா, பிரசவத்துக்குப் பின் வரும் அழற்சியா என்று பார்த்துவிட்டால் எங்களுக்கு மனம் நிம்மதியாக இருக்கும். முடி மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறாள், அதனால் பரிசோதனை மாறியிருக்குமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விரட்டுகிற மருத்துவர் மிக அரிது. அப்படி ஒருவர் வாய்த்தால் அடுத்தவரிடம் போவதில் பாவமில்லை. முடிவு வருகிறவரை கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். புரொப்ரனலால் காரணம் எதுவாயினும் படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் உதவும். ஆனால் மனைவிக்கு எப்போதாவது மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருந்திருந்தால் அதை இன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பால் கொடுப்பது அவருக்குத் தெரியுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மிதமான அளவு கார்பிமசோலுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை; பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரை போடுவது வழக்கம்.

கார்பிமசோல் உள்ளே போகும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இந்த மருந்து வெள்ளையணுக்களை அடியோடு வீழ்த்திவிடும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் என்று அது தொடங்கும். அந்த நிலையில் மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. அடுத்த கார்பிமசோலைப் போடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்த எண்ணிக்கை எடுக்க வேண்டும். என் மனைவிக்கு ஐந்தாவது வாரம் தொண்டை வலித்தது. இரவு ஒன்பது மணி, மழை வேறு. "வெறும் சளிதான், காலையில் பார்க்கலாம்" என்றாள். நான் கேட்கவில்லை. எண்ணிக்கை சரியாகவே இருந்தது, அது சளிதான். ஆனாலும் அன்று போனதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. கண் மஞ்சளானாலும், கடும் அரிப்பு வந்தாலும் இதேபோல உடனே காட்ட வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. என் மனைவிக்கு நோய் என்று தெரிவதற்கு முந்தைய எட்டு மாதம், ஒரு மருத்துவமனையில் மன உளைச்சல் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன். சோறு குழைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு அழுதவளிடம், உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கத்தியிருக்கிறேன். பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்க முடியாமல் அவள் நின்றபோது சோம்பல் என்று நினைத்தேன். தொடைத் தசையும் தோள் தசையும் வலுவிழப்பது இந்த நோயின் குணம் என்பதும், கோபம் அவளுடையது அன்று, ஹார்மோனுடையது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவள் ஆழ்ந்து தூங்கும்போது நாடியை எண்ணிப் பார் என்று மூத்த மருத்துவர் ஒருவர் சொன்னார். பயத்தால் வரும் படபடப்பு தூக்கத்தில் அடங்கிவிடும், தைராய்டால் வருவது அடங்காது. விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணினேன், 104 இருந்தது. நீங்களும் ஒரு வாரம் அப்படி எண்ணி, எடையோடு சேர்த்துத் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கதையைவிட அந்த ஒரு தாள் அவருக்கு உதவும்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது, காதில் துணி கட்டு, காற்றாடி வேண்டாம் என்று அவர் இன்னும் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தால், உள்ளேயே அடுப்பு எரிவதைப் போன்ற வெக்கையில் இருக்கும் பெண்ணுக்கு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சித்திரவதை. அவர் விரும்பினால் கண்ணேறு கழிக்கட்டும், குலசாமிக்கு நேர்ந்துகொள்ளட்டும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. மாத்திரையும் பரிசோதனையும் தள்ளிப்போகாமல் இருந்தால் போதும். இரவில் ஒரு பாலுக்குப் பின் குழந்தையை நீங்கள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியை நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுங்கள். நடுங்கும் கையால் அவர் சுடுநீர் தூக்க வேண்டாம், குழந்தையோடு மாடிப்படி ஏற வேண்டாம். குடும்பத்தின் பெரிய முடிவுகளையும் பழைய சண்டைகளையும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். அழுகை மிகுந்து, வாழவே பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு வந்தால் அதைத் தைராய்டின் கணக்கில் மட்டும் போட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் கூடவே இருக்கலாம்.

சாப்பாட்டில் பெரிய விலக்கு எதுவும் இல்லை. முட்டைக்கோசை நிறுத்து, மரவள்ளியை நிறுத்து என்று சொல்வார்கள், தேவையில்லை. காபியையும் கடுந்தேநீரையும் குறைக்கலாம். பால், கேழ்வரகு, முட்டை, மீன், உளுந்தங்களி என்று தெம்பும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்படி சாப்பிடட்டும். அயோடின் உப்பை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கல் உப்பு எளிதாகக் கிடைக்கிறது; ஆனாலும் பால் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் அயோடின் வேண்டும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் வீட்டு உப்பை மாற்றாதீர்கள். கவனிக்க வேண்டியது பிரசவ லேகியமும் சூரணமும். அமுக்கரா (அஸ்வகந்தா) தைராய்டு ஹார்மோனைக் கூட்டியதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. கடற்பாசி சேர்ந்த சத்துப் பொடிகளில் அயோடின் மிகுந்திருக்கும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சித்த மருந்து எடுப்பதானால் அங்கே முறைப்படி காட்டி, இரண்டு மருத்துவருக்கும் இரண்டு மருந்தையும் தெரிவித்து எடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தைராய்டுக்கு என்று கேட்டு வாங்குவது வேண்டாம்.

முடிவு அழற்சி என்று வந்தால், நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வருவார்கள். எடை திரும்பி, பின்பு உடல் கனத்து, குளிரும் சோர்வும் மலச்சிக்கலும் வந்தால் அது குறைவுக் கட்டம். அப்போது சிலருக்குத் தைராக்சின் தேவைப்படும். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தேறிவிடுவார்கள், சிலருக்குக் குறைவு நிலைத்துவிடும், அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வரலாம். கிரேவ்ஸ் என்று வந்தால் 12 முதல் 18 மாதம் மருந்து என்று அந்த மருத்துவர் சொன்னதே சரி. டி.எஸ்.எச். மேலே வரப் பல மாதம் ஆகும், மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்ச வேண்டாம். முதலில் சரியாவது டி4, டி3தான். அந்தக் காலத்தில் அடுத்த கருவைத் தள்ளிப்போடுங்கள். கருவின் முதல் மூன்று மாதத்தில் கார்பிமசோல் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கக்கூடும் என்பதால், கரு வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடுங்காய்ச்சல், நாடி 140க்கு மேல் போவது, விடாத வாந்தி, பிதற்றல், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் பேருந்துக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முடி மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள், நாடிக் கணக்கைத் தொடங்குங்கள், மனைவியையும் அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் பேசாதீர்கள். உடம்பு அவருடையது, அவரே சொல்லட்டும், விட்டுப்போனதை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எதிரணு முடிவு வந்ததும், எந்தத் தேதியில் முடி மாத்திரையை நிறுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.